அடுப்பின் நேரத்தை நிர்ணயித்தது யார்? மைசூரில் ஒரு கிண்ணம் மாட்டுக்கறிச் சோற்றின் வரலாறு

மைசூர் என்றதும் சமையல் வரலாற்றில் நம் நினைவுக்கு வருபவை மைசூர்பாகும் மைசூர் மசால்தோசையும்தாம். அரண்மனை அடுக்களையில் பிறந்ததாகச் சொல்லப்படும் இனிப்புக்குக் கிடைத்த புகழ், அதே நகரின் எளிய வீடுகளில் மாலைதோறும் வேகும் மாட்டுக்கறிச் சோற்றுக்கு வாய்க்கவில்லை. கொத்துக்கறி, நறுக்கிய காய்கள், மிளகாய் விழுது, அடியில் சுடுசோறு, ஆளுக்கொரு கிண்ணம்: அவ்வளவுதான் இவ்வுணவு. வேலை முடிந்து வீடு திரும்பியோர் முக்கால் மணி நேரத்தில் குடும்பத்தின் பசியைத் தீர்க்கச் செய்துகொள்வது.

இவ்வுணவு கொத்துக்கறியாக இருப்பதற்கும், விரைவாகச் சமைக்கப்படுவதற்கும், இத்தனை காரமாக இருப்பதற்கும் காரணங்கள் உண்டு. அவற்றைத் தேடிச் சென்றால் சமையல் நூல்களை விட்டுவிட்டுப் பீரங்கிப் படைகளுக்கும் சட்டப் புத்தகங்களுக்கும் போக வேண்டியிருக்கிறது. அந்தத் தேடலின் சுருக்கமே இப்பதிவு. சற்று நீளமானது, பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

சமையல் நூல்களின் மௌனம்

கன்னட நாட்டில் உணவு பற்றிய எழுத்து மிகப் பழமையானது. 12ஆம் நூற்றாண்டில் கல்யாணச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரால் அமைந்த 'மானசோல்லாச'த்தில் இறைச்சிப் பக்குவங்கள் விரிவாகவே உள்ளன. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூன்றாம் மங்கரசர் கன்னடத்தில் இயற்றிய 'சூபசாத்திரம்' முற்றிலும் சைவ உணவு பற்றியது. முன்னது அரசனின் தட்டையும், பின்னது புலால் மறுத்த சமண மரபின் தட்டையும் காட்டுகின்றன. உழுதவர், தோல் பதனிட்டவர், படையில் சுமை தூக்கியவர் ஆகியோரின் தட்டை இவ்விரண்டிலும் காண இயலாது.

தமிழ் மரபில் 'ஊன்சோறு', 'ஊன்துவை அடிசில்' ஆகிய சொற்கள் சங்க நூல்களிலேயே உள்ளன. இறைச்சியும் அரிசியும் ஒன்றாகச் சேர்ந்த உணவுக்குத் தமிழில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பெயர் உண்டு. ஆயினும் பெயர் இருப்பது வேறு, செய்முறை எழுதப்படுவது வேறு. மராத்வாடாவின் தலித் சமையலைச் சாகு பாட்டோளே மராத்தியில் நூலாக்கியது 2015இல்தான். எழுதும் உரிமை பெற்றோரின் தட்டே வரலாறாகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆகவே மாட்டுக்கறியின் வரலாற்றை வேறிடத்தில் தேட வேண்டும். மைசூரில் அந்த இடம் அரசின் மாட்டுப் பட்டிதான்.

வெண்ணெய்ச் சாவடியிலிருந்து பீரங்கிக்கு

17ஆம் நூற்றாண்டின் இறுதியில் மைசூரை ஆண்ட சிக்கதேவராய உடையார், அரச மாட்டு மந்தைகளை நிர்வகிக்க 'பெண்ணெ சாவடி' என்ற துறையை அமைத்தார். 'பெண்ணெ' என்பது கன்னடத்தில் வெண்ணெய். அரண்மனைக்குப் பாலும் வெண்ணெயும் தருவது அத்துறையின் பணி. மந்தைகள் மேய்வதற்கென ஒதுக்கப்பட்ட புல்வெளிகள் 'காவல்' எனப்பட்டன. ஹைதர் அலியின் காலத்தில் அதே மந்தைகளின் காளைக் கன்றுகள் பீரங்கி இழுக்கும் எருதுகளாயின. திப்பு சுல்தான் அத்துறைக்கு 'அமிர்த மஹால்' எனப் பெயர் சூட்டினார். இன்றும் அம்மாட்டினம் அப்பெயராலேயே வழங்குகிறது.

மைசூர்ப் படைகளின் வேகம் எதிரிகளை வியக்கவைத்ததற்கு இவ்வெருதுகள் முக்கியக் காரணம். 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் மந்தைகள் ஆங்கிலேயர் வசமாயின. ஆர்தர் வெல்லெஸ்லியின் தக்காணப் போர்களில் பீரங்கிகளை இழுத்தவையும் மைசூர் மாடுகளே. பின்னர், மைசூருக்கு மேற்கேயுள்ள ஹுன்சூர் அத்துறையின் தலைமையிடமாயிற்று. அங்கே இராணுவத்துக்கான தோல் பதனிடும் கூடமும் இயங்கியது. 1860இல் சிக்கனம் கருதி மந்தைகளை விற்றுக் கலைத்த சென்னை அரசாங்கம், எருது கிடைக்காத நெருக்கடியில் 1866இல் மீண்டும் துறையை அமைத்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இந்த இருநூறு ஆண்டுகளிலும் அரசு மாட்டை முதன்மையாக மதித்தது அதன் உழைப்புக்காக. பால் தந்தது, பீரங்கி இழுத்தது, இறந்தபின் காலணியானது. உழைத்து ஓய்ந்த மாட்டின் இறைச்சி யாருக்குப் போனது என்பதை அத்துறையின் வரலாறு பேசுவதில்லை. சாதி அடுக்கில் கடைசியில் வைக்கப்பட்டோர் அதை உண்டனர். அதை உண்டதாலேயே கடைசியில் வைக்கப்பட்டதாகவும் சொல்லப்பட்டனர். இவ்விரண்டுக்கும் இடையிலான உறவை ஆராய்ந்து அம்பேத்கர் தீண்டப்படாதார் பற்றிய தம் நூலை வெளியிட்ட ஆண்டு 1948. மைசூரில் பிறந்த சமூகவியலாளர் எம்.என்.சீனிவாஸ், புலால் மறுப்பைக் கைக்கொண்டு சாதிகள் மேலேற முயல்வதைச் 'சமஸ்கிருதமயமாக்கம்' எனப் பெயரிட்டு விளக்கியது 1952இல். தட்டில் இருப்பது உணவு மட்டுமன்று, தகுதிச் சான்றிதழும்கூட என்பதை இருவரும் இருவேறு திசைகளிலிருந்து காட்டினர்.

1927: காந்தியின் மறுமொழி

1920களில் மைசூர் சமஸ்தானம் பசுப் பாதுகாப்புக்கென ஒரு குழுவை அமைத்தது. அப்போது உடல்நலம் குன்றி நந்தி மலையிலும் பெங்களூரிலும் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த காந்தியிடம் குழு கருத்துக் கேட்டது. 1927 ஜூலையில் 'யங் இந்தியா' இதழில் அவர் மறுமொழி வெளியானது. பசுப் பாதுகாப்பைத் தம் உயிர்க்கொள்கையாகக் கொண்டிருந்த அவர், சட்டத்தால் அதைத் திணிப்பதை ஆதரிக்கவில்லை. பாதிக்கப்படும் சமூகத்தின் அறிவார்ந்த பெரும்பான்மையோர் ஒப்பாத தடை கூடாது என்பது அவர் நிலை. பால் பண்ணை, நல்ல காளை வளர்ப்பு, தோல் பதனிடுதல் ஆகிய பொருளாதார ஏற்பாடுகளையே அவர் வலியுறுத்தினார். அந்தக் கோடையில் பெங்களூரின் இம்பீரியல் பால் பண்ணைக்குச் சென்று மாடு வளர்ப்பு பற்றி அவரே பாடமும் கற்றார்.

சட்டம் எண்ணிய வயது

1948 நவம்பர் 24 அன்று அரசியல் நிர்ணய சபை பசுவதைத் தடை பற்றி விவாதித்தது. பின்னாளில் 48ஆம் பிரிவாக ஆனதன் சொற்களை நோக்குங்கள். வேளாண்மையையும் கால்நடை வளர்ப்பையும் நவீன அறிவியல் முறையில் அமைப்பது என்றே அது தொடங்குகிறது. பால் மாடுகளையும் இழுவை மாடுகளையும் காப்பது பற்றிப் பேசுகிறது. அமிர்த மஹாலின் மொழி அதில் தொடர்கிறது: மாட்டின் மதிப்பு அதன் பயன்.

1958இல் ஹனீப் குரேஷி வழக்கில் உச்சநீதிமன்றம் இந்தத் தர்க்கத்தை முழுமையாகப் பின்தொடர்ந்தது. பசுவைக் கொல்வதற்கு முழுத் தடை செல்லும். ஆனால் உழைக்க இயலாத காளை, எருது, எருமைகளுக்கும் அத்தடையை விரிப்பது நியாயமாகாது என்றது. மாட்டிறைச்சியும் எருமை இறைச்சியும் ஏழைகளுக்கு எட்டும் விலையில் கிடைக்கும் சத்துணவு என்பதையும் அத்தீர்ப்பு கணக்கில் கொண்டது.

அதன்பின் வந்தது 1964ஆம் ஆண்டின் மைசூர் மாநிலச் சட்டம். பசுவதை தடை செய்யப்பட்டது. காளை, எருது, எருமை ஆகியவை 12 வயதைக் கடந்திருந்தாலோ, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் பாலுக்கும் நிரந்தரமாகப் பயனற்றுப் போயிருந்தாலோ, சான்றிதழ் பெற்று வெட்டலாம் என்றது. 2005 அக்டோபரில் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு 1958இன் நிலையை மாற்றி, எருதுகளுக்கும் முழுத் தடை செல்லும் எனத் தீர்ப்பளித்தது. 2021 ஜனவரி 18 முதல் நடைமுறைக்கு வந்த கர்நாடகத்தின் 2020ஆம் ஆண்டுச் சட்டம் பசு, காளை, எருது அனைத்துக்கும் வயது வேறுபாடின்றித் தடை விதித்தது. 13 வயதைக் கடந்த எருமைக்கு மட்டும், சான்றிதழுடன், விலக்கு உண்டு. மீறினால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை. 50,000 ரூபாய் முதல் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

சட்டப் பேச்சில் 12, 13 ஆகியவை வெறும் எண்கள். அடுக்களையில் அவை வேறொன்றாகின்றன.

வயதும் கொதிநேரமும்

இறைச்சியின் தசைநார்களைப் பிணைத்திருப்பது கொலாஜன் என்னும் புரதம். இளம் விலங்கில் அது சூட்டில் எளிதாகக் கரைந்து கூழாகிவிடும். விலங்கு முதிர முதிர அதன் பிணைப்புகள் இறுகும். கரைய நெடுநேரம் பிடிக்கும். ஏரும் வண்டியும் இழுத்த விலங்கின் தசையில் இந்த இறுக்கம் இன்னும் மிகுதி. எருமை இறைச்சியில் தசையூடே கொழுப்பும் குறைவு; ஆகவே கவனமின்றி வேகவைத்தால் வறண்டு நாராகிவிடும். அதாவது, இளம் இறைச்சி ஏழையின் தட்டுக்கு வராமலும், முதிர்ந்தது மட்டுமே வரும்படியும் சட்டம் ஏற்பாடு செய்துவிட்டது. சட்டம் வயதை நிர்ணயித்தது. வயது அடுப்பின் நேரத்தை நிர்ணயித்தது.

அந்த நேரம் யாருடையது? மைசூரில் ஊதுவத்தியும் பீடியும் சுற்றுவோரில் பெரும்பாலோர் பெண்கள்; பலர் தம் வீட்டிலேயே அமர்ந்து செய்பவர்கள். கூலி எண்ணிக்கைக் கணக்கில். பீடி என்றால் ஆயிரத்துக்கு இவ்வளவு. அடுப்பருகே நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் கூலியிலிருந்து கழியும். முதிர்ந்த கறி மூன்று மணி நேரம் வேக வேண்டுமென்றால், விறகும் மண்ணெண்ணெயும் ஒருபுறம், இழந்த கூலி மறுபுறம். மலிவான கறி, சமைத்து முடிக்கும்போது மலிவாக இருப்பதில்லை.

இதற்கு அடுக்களைகள் கண்ட விடைகள் இரண்டு. ஒன்று கத்தி: நாரைச் சூடு அறுக்காவிட்டால் இரும்பு அறுக்கட்டும் என்று கறியைக் கொத்திவிடுவது. கொத்துக்கறி சிக்கனத்தின் கண்டுபிடிப்பு. தனித்து உண்ண இயலாத கடினத் துண்டுகளும் அதில் உணவாகிவிடுகின்றன. மற்றொன்று பிரஷர் குக்கர். 1950களின் இறுதியில் இந்தியாவில் அதன் உற்பத்தி தொடங்கியது; பெங்களூர் அதன் முக்கிய மையங்களுள் ஒன்று. நீராவி அழுத்தத்தால் அதனுள் வெப்பம் ஏறத்தாழ 120 பாகை செல்சியசை எட்டுகிறது. திறந்த பானையில் 100ஐத் தாண்டாத நீர், மூடிய குக்கரில் கொலாஜனைப் பன்மடங்கு விரைவில் கரைக்கிறது. எளிய குடும்பங்களுக்கு அது வந்துசேரப் பல ஆண்டுகள் ஆயின. வந்தபின் மாலை நேரச் சமையலையே அது மாற்றிவிட்டது.

கிண்ணத்துக்குள்

இனி உணவுக்கு வருவோம். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு அரைக்கிலோ எருமைக் கொத்துக்கறியும் இரண்டு குவளை சோனா மசூரி அரிசியும் போதும். கொத்துக்கறியில் உப்பு, மஞ்சள்தூள், இஞ்சி பூண்டு விழுது, கால் குவளை நீர் சேர்த்துக் குக்கரில் ஐந்தாறு விசில் விட வேண்டும். அரைக்கும்போது மேற்பரப்பின் கிருமிகள் கறி முழுவதும் பரவும் என்பதால் கொத்துக்கறியை அரைவேக்காட்டில் எடுக்கலாகாது. அது வேகும் நேரத்தில் மற்றோர் அடுப்பில் சோறு. வெந்நீரில் ஊறிய பத்துப் பன்னிரண்டு பேடகி மிளகாயைப் பூண்டு, சீரகம், சிறிது புளியுடன் அரைப்பது. பீன்ஸ், கேரட், முட்டைக்கோஸ், குடைமிளகாய் நறுக்குவது. இருப்புச்சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் வெங்காயம், கறிவேப்பிலை, மிளகாய் விழுது வதக்கி, வெந்த கறியைக் கொட்டி நீர் வற்றக் கிளறினால் நிறம் கருஞ்சிவப்பாக மாறும். கடைசி நான்கு நிமிடம் முழுத்தணலில் காய்கள், மென்மையாகிவிடக் கூடாது. கிண்ணத்தில் சுடுசோறு, மேலே கறி, இடித்த மிளகு, எலுமிச்சைச் சாறு.

பேடகி மிளகாய் நிறத்தை மிகுதியாகவும் உறைப்பை அளவாகவும் தருவது; அதனால்தான் மேலே மிளகு வேண்டியிருக்கிறது. காரத்துக்கும் காய்களுக்கும் காரணம் ஒன்றே: அரைக்கிலோ கறி நால்வருக்கு நிறைவாகத் தோன்ற வேண்டும். உறைப்பு சோற்றை இழுக்கும். காய் கிண்ணத்தை நிரப்பும். விருந்தில் கறி நடுவில் இருக்கும், சோறு சுற்றி நிற்கும். இங்கே சோறே உணவு. கறி அதற்குச் சுவையும் சத்தும் தருவது.

இதே மைசூரில்தான் 1950இல் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் அரச மாளிகை ஒன்றில் தொடங்கப்பட்டது. 1961இல் பாதுகாப்பு உணவு ஆராய்ச்சிக்கூடமும் இங்கே அமைந்தது. உறையைச் சூடாக்கினால் உடனே உண்ணத்தக்க புலாவையும் குழம்பையும் படைவீரர்களுக்காக அது உருவாக்கியது. 1984இல் ராகேஷ் சர்மா விண்வெளிக்குச் சென்றபோது உடன் சென்ற இந்திய உணவும் அங்கே ஆனதே. விரைவாக உண்ணும் சோறு படைவீரனுக்கும் விண்வெளி வீரனுக்கும் தேவை என்பதை அரசு உணர்ந்து ஆய்வுக்கூடம் அமைத்தது. அதே தேவையை அதே நகரின் பெண்கள் கத்தியாலும் குக்கராலும் தாமே தீர்த்துக்கொண்டனர். முன்னதற்கு ஆண்டறிக்கைகள் உண்டு. பின்னதற்கு எழுத்துப் பதிவு அரிது. பதிவு இல்லாத உணவை 'இங்கே அப்படியொரு வழக்கமே இருந்ததில்லை' என்று நாளை சொல்லிவிடுவது மிக எளிது.

இதனால் வாசிப்போரிடம் ஒரு வேண்டுகோள். கர்நாடகத்திலோ தமிழ்நாட்டிலோ, உங்கள் வீட்டில் மாட்டுக்கறி சமைத்த மூத்தோர் இருந்தால் இந்த ஐந்து வினாக்களைக் கேளுங்கள்: எந்தப் பாத்திரம்? எந்த விறகு அல்லது எரிபொருள்? எவ்வளவு நேரம்? கறியை வெட்டியவர் யார்? குக்கர் எந்த ஆண்டு வீட்டுக்கு வந்தது? விடைகளைப் பெயரின்றி, ஊரும் ஏறத்தாழ ஆண்டும் மட்டும் குறித்துப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். செய்முறையைவிட எனக்கு நேரமே முக்கியம். எத்தனை மணி நேரம் என்று தெரிந்தால், அந்த வீட்டுக்கு எந்த வயது மாடு வந்தது என்பதை ஓரளவு கணிக்கலாம்.