நொண்டி வாத்தின் நாணயம்: 'லேம் டக்' என்னும் வழக்கின் பொருள் குறித்து

1863ஆம் ஆண்டு ஜனவரி 14 அன்று நடந்த அமெரிக்க காங்கிரஸ் விவாதத்தின் பதிவில் ஒரு வாக்கியம் இருக்கிறது. அரசின்மீது பணம் கோருவோரின் வழக்குகளை விசாரிக்கும் தனி நீதிமன்றத்தைப் பற்றிய பேச்சு அது. அந்த நீதிமன்றம் 'லேம் டக்'குகளும் நொடித்துப்போன அரசியல்வாதிகளும் வந்து அடையும் தொட்டி என்று யாரும் நியாயமாகக் குறைசொல்ல முடியாது என்கிறார் பேசுகிறவர். 'நொண்டி வாத்து' என்ற சொல் அமெரிக்க அரசியலில் புழங்கியதற்கு முதல் சான்றாக இதைக் காட்டுவது வழக்கம். அதில் எனக்குப் பிணக்கில்லை. ஆனால் பதவிக்காலத்தின் கடைசியில் வலுவிழந்து நிற்கும் தலைவர் என்ற இன்றைய பொருளும் இந்த வாக்கியத்திலேயே முளைவிட்டுவிட்டது என்று முந்தைய ஆய்வாளர் சிலர் எழுதினார்கள். பின்வந்தவர்கள் அதையே படியெடுத்தார்கள். அதைத்தான் ஏற்க முடியவில்லை.

வாக்கியத்தை மறுபடி படிக்கலாம். தொட்டி என்றால் வெளியே இருப்பவர் வந்து விழும் இடம். இங்கே வாத்து பதவியில் உட்கார்ந்திருக்கவில்லை. பதவி போனபின் ஒதுங்க இடம் தேடுகிறது. 'நொடித்துப்போன அரசியல்வாதிகள்' என்ற தொடர் பக்கத்திலேயே நின்று பொருளை உறுதிசெய்கிறது. தலைவர் என்ற எண்ணமோ ஆளும் வலிமை குன்றியது என்ற எண்ணமோ இவ்வாக்கியத்தில் எங்குமில்லை. இருப்பது வேலை தேடுகிற ஒரு திவாலானவன்.

இதைவிட முக்கியமானது தேதி. 1862 டிசம்பரில் தொடங்கி 1863 மார்ச்சில் முடிந்த அந்தக் கூட்டத்தொடரே, தேர்தலில் தோற்றவர்கள் இன்னும் இருக்கை விட்டு எழாத குறுங்கூட்டத்தொடர். கீழவையின் தலைவர் கலூஷா குரோவே 1862 தேர்தலில் தோற்றவர். இன்றைய பொருளில் சொன்னால் மண்டபம் முழுக்க நொண்டி வாத்துகள். அப்படிப்பட்ட நாளில் பேசியவர் அச்சொல்லை மண்டபத்துக்குள் இருந்தவர்கள்மீது வைக்கவில்லை. அவர்களில் சிலர் நாளை போய்ச் சேரக்கூடிய இடத்தைச் சொல்லவே எடுத்தாள்கிறார். இன்றைய பொருள் அன்றே இருந்திருந்தால் அந்தச் சபையில் சிரிப்போ சச்சரவோ எழாமல் அச்சொல்லை உச்சரித்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன். தோற்றவர்கள் நிறைந்த அந்த அவை என்ன செய்தது? 1863 பிப்ரவரி 25 அன்று தேசிய வங்கிச் சட்டம் உறுதியானது. மார்ச் 3 அன்று கட்டாய ராணுவச் சேர்ப்புச் சட்டம் வந்தது. பணத்தையும் உயிரையும் ஒருசேரத் தொடும் சட்டங்கள் இவை. வலுவிழந்தவர்கள் செய்கிற வேலையா இது?

அப்படியானால் எதை இழந்தவன் நொண்டி வாத்து? விடை வாஷிங்டனில் இல்லை. அதற்கு நூறாண்டு முந்திய லண்டன் பங்குச் சந்தையில் இருக்கிறது. 1761 டிசம்பர் 28 அன்று ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல், பிளாரன்ஸிலிருந்த நண்பர் ஹொரேஸ் மானுக்கு எழுதிய கடிதத்தில் காளை, கரடி, நொண்டி வாத்து மூன்றும் என்னவென்று தெரியுமா என்று கேட்கிறார். தமக்கும் தெரியாதாம், அவை விலங்குமல்ல, பறவையுமல்ல, அரசின் புதிய கடன் வெளியீட்டில் மிகுந்த அக்கறை கொண்டவை என்பது மட்டும் நிச்சயமாம். கேலிதான். ஆனால் பறவையல்ல என்ற அந்தக் கேலி, இந்த வழக்கை வேட்டைக்காடுகளில் தேடுவோருக்கு முன்கூட்டியே சொன்ன பதில் போலிருக்கிறது. அடிபட்டுக் கூட்டத்தோடு பறக்க முடியாத வாத்து என்ற விளக்கம் பொருள் மாறியபின் கட்டிய கதை. அதற்கு இதற்குமேல் இடம் தர வேண்டியதில்லை.

காளை விலை ஏறும் என்று வாங்குகிறவன், கரடி இறங்கும் என்று விற்கிறவன். இருவரும் வாணிகம் செய்வது காலத்தை வைத்து: இன்ன தேதியில் இன்ன விலைக்கு என்ற வாய்ச்சொல். கணக்குத் தீர்க்கும் நாளில் சொன்னதைக் கொடுக்க முடியாமல், லண்டன் தரகர்கள் கூடும் எக்ஸ்சேஞ்ச் சந்திலிருந்து தத்தித் தத்தி வெளியேறுகிறவன் நொண்டி வாத்து. இதில் அதிகம் கவனிக்கப்படாத ஒன்று உண்டு. சர் ஜான் பர்னார்டு 1734இல் கொண்டுவந்த சட்டம், கையில் இல்லாத பங்கைத் தவணைக்கு விற்பது போன்ற ஒப்பந்தங்களைச் செல்லாதவை ஆக்கியது. 1860 வரை அது நடப்பிலிருந்தது. ஏமாந்தவன் நீதிமன்றப் படியேற முடியாது. சந்தையைத் தாங்கி நின்றது கொடுத்த வாக்கு ஒன்றுதான். ஆகவே நொண்டி வாத்தை வெறும் ஏழை என்று கொள்ளக் கூடாது. அவன் நாளைக்குச் சொல்லும் சொல்லை இனி எவரும் வாங்க மாட்டார்கள். தமிழில் 'நாணயம்' என்ற ஒரே சொல் காசையும் சொல் தவறாமையையும் குறிப்பது இங்கே பெரிய வசதி. நொண்டி வாத்து இழந்தது இரண்டாம் நாணயத்தை.

சந்தைச் சொல் நேராக வாஷிங்டனுக்குக் கப்பலேறியது என்று நான் வாதிடவில்லை. பொருளின் எலும்புக்கூடு மாறவில்லை என்பதே என் கருத்து. 1910இல் நாளிதழ்களில் 'நொண்டி வாத்துச் சந்து' என்ற பெயர் அடிபடுகிறது. அந்த நவம்பரில் தோற்றவர்கள் வந்து முறையிடும், வெள்ளை மாளிகை அலுவலகத்தின் திரையிட்ட நடை அது. அங்கேயும் வாத்து உதவிக்காகக் காத்து நிற்கிறது. 1922இல்தான் கோணம் திரும்புகிறது. நவம்பர் தேர்தலில் ஆளுங்கட்சி பலரை இழந்தபின், அதிபர் ஹார்டிங் தோற்றவர்கள் நிறைந்த அதே அவையைச் சிறப்புக் கூட்டத்துக்கு அழைத்துக் கப்பல் மானிய மசோதாவை முன்வைத்தார். கீழவை நிறைவேற்றியது, செனட்டில்தான் அது சிக்கியது. இத்தகைய கூட்டங்களுக்கு முடிவுகட்ட நெப்ராஸ்கா செனட்டர் ஜார்ஜ் நோரிஸ் ஏறத்தாழப் பத்தாண்டுகள் விடாமல் முயன்ற 20ஆம் திருத்தம் 1933 ஜனவரி 23 அன்று உறுதியானது. அதிபர் பதவியேற்பு மார்ச் 4இலிருந்து ஜனவரி 20க்கும், காங்கிரஸின் தொடக்கம் ஜனவரி 3க்கும் முன்தள்ளப்பட்டன. நொண்டி வாத்துத் திருத்தம் என்றே அதற்குப் பெயர். நொண்டி வாத்து வலுவற்றதாக இருந்திருந்தால் அதைத் துரத்த அரசமைப்பைத் திருத்த வேண்டியிருக்குமா? மக்களிடம் திரும்பிப் போக வேண்டாதவன் கையில் வாக்குரிமை இருக்கிறதே என்பதுதான் நோரிஸ் தரப்பின் அச்சம்.

எதிர்வாதமாக, லிங்கனுக்கு முன் அதிபராக இருந்த ஜேம்ஸ் புக்கானனைக் காட்டுவார்கள். 1860 நவம்பருக்கும் 1861 மார்ச்சுக்கும் இடையில் ஏழு மாநிலங்கள் பிரிந்துபோயின, அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அவர் கையைக் கட்டிப்போட்டது அவருடைய சட்டக் கருத்து. பிரிந்துபோக மாநிலத்துக்கு உரிமையில்லை, தடுத்து நிறுத்த மத்திய அரசுக்கும் அதிகாரமில்லை என்று டிசம்பரில் காங்கிரஸுக்கு அனுப்பிய செய்தியில் அவரே எழுதினார். அதே பதவியை வைத்துக்கொண்டு லிங்கன் அடுத்த சில வாரங்களில் செய்தவற்றைப் பார்த்தால் காலண்டரைக் குறைசொல்ல முடியாது.

சற்று வலுவான எதிர்வாதம் 1951இன் 22ஆம் திருத்தத்திலிருந்து வருகிறது. மூன்றாம் முறை நிற்க முடியாத அதிபரைச் சொந்தக் கட்சிக்காரர்களே மதிப்பதில்லை, இது வலுவிழப்புதானே என்பார்கள். இதை ஓரளவு ஒப்புகிறேன். ஆனால் இங்கும் கரைவது வருங்கால வாக்குறுதி: அடுத்த தேர்தலில் உனக்காக வருகிறேன், அடுத்த அமைச்சரவையில் பார்க்கிறேன் என்ற பேச்சு. இன்று கையெழுத்திடும் பேனா அப்படியே இருக்கிறது.

இதனால்தான் தமிழாக்கங்கள் என்னை உறுத்துகின்றன. 'பல் பிடுங்கிய பாம்பு' முழுத் தவறு. இந்தப் பாம்புக்குக் கடைசி நாள்வரை பல் உண்டு. 'செல்லாக்காசு' நாணயத்தைத் தொடுவதால் சற்று நெருங்குகிறது, ஆனால் செல்லாக்காசால் இன்றும் ஒன்றும் வாங்க முடியாது. 'காபந்து அரசு' வேறு சாதி: பெரிய முடிவெடுக்காமல் ஒதுங்கியிருக்க மரபு அதைக் கட்டுப்படுத்துகிறது, அமெரிக்க வாத்துக்கு அப்படியொரு வேலி கிடையாது. திவாலானவனைப் பற்றி நம் ஊரில் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான் என்பது லண்டன் பொருளுக்கு அச்சாகப் பொருந்தும், ஆனால் பதவியில் இருப்பவருக்கு நீட்டினால் இடிக்கிறது. பெட்டிக்கடைப் பலகையில் 'இன்று ரொக்கம், நாளை கடன்' என்று எழுதியிருப்பதை நினைக்கிறேன். நொண்டி வாத்தோடு பேரம் பேசுகிறவர்கள் எல்லோரும் மனத்துக்குள் மாட்டிவைக்கும் பலகை அதுதான்: ரொக்கமாகக் கொடுத்தால் சரி, கடன் கிடையாது.

ரொக்கம் எவ்வளவு என்பதற்குக் கணக்கும் இருக்கிறது. தேர்தலில் தோற்றிருந்த ஜார்ஜ் புஷ் 1992 டிசம்பர் 24 அன்று ஈரான்-கான்ட்ரா விவகாரத்தில் ஆறு பேரை மன்னித்தார். அவர்களில் முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் காஸ்பர் வைன்பெர்கர்மீதான நீதிமன்ற விசாரணை அப்போது தொடங்கவே இல்லை. 2001 ஜனவரி 20 அன்று, பதவி முடிய சில மணி நேரம் இருக்கையில், பில் கிளின்டன் 140 பேருக்கு மன்னிப்பு வழங்கினார். 'செல்வாக்கிழந்த அதிபர் 140 பேரை மன்னித்தார்' என்று தமிழில் எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன்.