வேதாளம் தொலைக்காட்சிக்கு வந்த கதை

விக்கிரமாதித்தன் முருங்கை மரத்தில் ஏறி, வேதாளத்தைக் கட்டித் தோளிற் சுமந்து வருகிறான். வழி நெடுகிலும் வேதாளம் கதை சொல்கிறது. கதைக்குக் கதை மாந்தர் வேறு, ஊர் வேறு. சொல்லும் வாய் ஒன்றே. கதை முடிந்ததும் கேள்வி ஒன்று பிறக்கும். விடை தெரிந்தும் வாய் திறவாதிருந்தால் தலை வெடித்துவிடும். திறந்தாலோ வேதாளம் மீண்டும் மரத்துக்குப் போய்விடும். அச்சத்தையும் அறிவையும் ஒரே நூலிற் கோத்த இந்த அமைப்பைத் தமிழ் மக்கள் பெரிய எழுத்துப் புத்தகங்களிலும் பாட்டிமார் வாய்மொழியிலும் பல தலைமுறைகளாக அறிந்திருந்தனர். தொலைக்காட்சி என்னும் புதுக் கருவி மேல்நாட்டில் தவழத் தொடங்கியபோது அங்குள்ளோர் கண்டுபிடித்த ஒரு நிகழ்ச்சி வகையும் ஏறக்குறைய இதுவேயாகும். வாரந்தோறும் ஒரு தனிக் கதை. பேயோ, பிற கோளத்து உயிரோ, எதிர்காலத்து விந்தையோ அதில் வரும். அடுத்த வாரம் புதிய மாந்தர், புதிய கதை. தொடரின் பெயரும், கதைக்கு முன்னும் பின்னும் பேசும் கதைசொல்லியுமே மாறாதிருப்பர்.

அமெரிக்காவில் 1951 முதல் 1953 வரை ஒளிபரப்பான 'ரேல்ஸ் ஒவ் ருமொறோ', 1959இல் தொடங்கி 1964 வரை நடந்த 'ருவைலைற் சோன்', 1963இல் வந்த 'அவுற்றர் லிமிற்ஸ்', இங்கிலாந்தில் பி.பி.சி. 1965 முதல் அளித்த 'அவுற் ஒவ் த அன்னோன்' ஆகியவை இவ்வகையிற் பெயர் பெற்றவை. இவற்றை வெறும் பொழுதுபோக்கென்று தள்ளுவோர் 'ருவைலைற் சோன்' தொடர் பிறந்த காரணத்தை அறிந்தால் அவ்வாறு தள்ளமாட்டார்கள்.

அத்தொடரை உருவாக்கிய றொட் சேர்லிங் முதலில் பேய்க்கதை எழுத வந்தவரல்லர். சமூக நாடகங்கள் எழுதிப் புகழ் பெற்றவர். 1955இல் மிசிசிப்பி மாநிலத்தில் எம்மெற் ரில் என்னும் பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுவன் கொலையுண்டான். குற்றஞ்சாட்டப்பட்டோரை நீதிமன்றம் விடுவித்தது. உள்ளங் கொதித்த சேர்லிங் அதனைத் தழுவி ஒரு நாடகம் எழுதினார். நிகழ்ச்சிக்குப் பணம் கொடுத்த நிறுவனத்தார் தென் மாநிலத்தவரின் சினத்துக்கு அஞ்சினர். களம் வடக்கே மாற்றப்பட்டது. கொலையுண்டவன் யாரென்றே விளங்காத அயலானாக்கப்பட்டான். 1956இல் ஒளிபரப்பானபோது நாடகத்தில் உயிர் எஞ்சவில்லை. இன்றைய மனிதன் பேசக்கூடாததை ஒரு செவ்வாய்க் கிரகவாசி பேசினால் எவரும் தடுப்பதில்லை என்பதைச் சேர்லிங் கண்டுகொண்டார். வேதாளத்தின் உபாயமும் அதுதானே! அரசன் முகத்துக்கு நேரே எவனும் கேட்கத் துணியாததை அவன் தோள்மேல் இருந்துகொண்டு அது கேட்டது. மொத்தம் 156 கதைகளுள் 92 கதைகளைச் சேர்லிங்கே எழுதினார்.

அவற்றுள் 1960 மார்ச்சில் வெளிவந்த, மேப்பிள் தெரு அரக்கர் பற்றிய கதையை நேயர்கள் அறிந்துகொள்வது நன்று. அமைதியான தெருவொன்றில் வானத்தில் ஒளியொன்று பாய்கிறது, உடனே விளக்குகள் அணைகின்றன, வண்டிகள் நின்றுவிடுகின்றன. பிற கோளத்தார் மனித உருவில் நம்முள்ளே கலந்திருப்பர் என்று தான் படித்த கதையொன்றை ஒரு சிறுவன் சொல்கிறான். அவ்வளவுதான். ஒருவருடைய வண்டி தானாக இயங்குகிறது. உடனே அவர்மேல் ஐயம். அவர் இரவில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர் என்பதால் ஐயம் மேலும் வளர்கிறது. இருளில் நடந்துவரும் உருவத்தை ஒருவர் சுட்டு வீழ்த்துகிறார். இறந்தவரோ நிலைமை அறியப் பக்கத்துத் தெருவுக்குப் போய்த் திரும்பிய அயலவர். தொலைவிலுள்ள குன்றின்மேல் உண்மையான அந்நியர் இருவர் நின்று, விளக்கை அணைத்தால் போதும், மிகுதியை இவர்களே செய்துகொள்வர் என்று பேசிக்கொள்கின்றனர்.

கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, வெருகலை அண்டிக் கிடக்கும் ஈச்சிலம்பற்றில் இக்கதைக்கு உரை தேவைப்படாது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அயலயலாக வாழும் திருகோணமலை மாவட்டத்தில், இருள் சூழ்ந்த ஓர் இரவில் ஒரு வதந்தி எவ்வளவு தூரம் நடக்கும் என்பதை முதியோர் அறிவர். 2006இல் அவ்வூர் மக்கள் வீடுவாசல்களை விட்டு வாகரைக்கும் மட்டக்களப்புக்குமாக இடம்பெயர்ந்தனர். அமெரிக்கத் தெருவொன்றின் கற்பனை அவர்களுக்கு அந்நியமானதன்று.

இந்நிகழ்ச்சி வகைக்கும் திருகோணமலைக் கடலுக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. அறிவியற் புனைகதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க் 1945இலேயே, பூமியோடு ஒத்துச் சுழலும் செய்மதிகள் வாயிலாக உலகெங்கும் ஒலிபரப்பலாம் என்று கட்டுரை எழுதியவர். அவருடைய கதையொன்றை 'ரேல்ஸ் ஒவ் ருமொறோ' 1952இல் நாடகமாக்கியது. காலத்தை விரைவாக்கும் காப்பொன்று திருடன் ஒருவனுக்குக் கிடைக்கிறது. அதை அணிந்தவனுக்கு உலகம் சிலைபோல் நிற்கும். அருங்காட்சியகச் செல்வங்களை அள்ளி வருமாறு அவனை ஏவியவர் எதிர்காலத்தவர். உலகம் ஒரு குண்டுச் சோதனையால் அழியப்போகிறது. அதற்குமுன் கலைப்பொருள்களையேனும் காப்பாற்றுவதே அவர் நோக்கம் என்பது முடிவில் வெளிப்படுகிறது. திருடன் காப்பைக் கழற்றினால் உலகத்தோடு அவனும் அழிவான். கழற்றாவிட்டாலோ உறைந்த உலகில் அவன் ஒருவனே உயிரோடிருப்பான்.

நான்கு ஆண்டு கழித்து, 1956இல், அதே கிளார்க் தம் நண்பர் மைக் வில்சனுடன் திருகோணமலையில், சுவாமிமலைப் பாறையின் அடியிற் கடலுள் மூழ்கினார். போர்த்துக்கேயர் 1622இல் இடித்த கோணேசர் கோயிலின் தூண்களும் செதுக்கிய கற்களும் அங்கே கிடக்கக் கண்டனர். இடித்த கோயிலின் கற்கள் கோட்டை கட்டப் பயன்பட்டன. எஞ்சியவை ஆழியிற் கிடந்தன. அழிவுக்குமுன் வந்து அள்ளிச் செல்ல இங்கே எதிர்காலத்தவர் எவரும் வரவில்லை. கிளார்க் தம் நூலொன்றில் இம்மூழ்கலை விரிவாக எழுதினார். இலங்கையையே வாழிடமாகக் கொண்ட அவர் 2008இல் கொழும்பிற் காலமானார்.

விந்தை என்னவெனில், அவர் கதை 1952இலேயே தொலைக்காட்சியில் வந்திருந்தும், அவர் குடியேறிய தீவில் 1979 வரை தொலைக்காட்சி ஒளிபரப்பே இருக்கவில்லை. ரூபவாகினி பிறந்தது 1982இல். அதற்கு முன், 1975இல், இந்தியா செய்மதி வழியாகக் கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகளை அனுப்பிப் பார்த்தபோது, இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் கிளார்க்கின் கொழும்பு இல்லத்தில் ஓர் அலைவாங்கியை நிறுவிக் கொடுத்தனர். தாம் முப்பது ஆண்டுகட்குமுன் எழுதியதைத் தம் கூடத்திலிருந்தே அவர் கண்டார். அக்காலத்தில் ஈச்சிலம்பற்று மக்களுக்கு வானொலியும் கூத்தும் வாய்க்கதையுமே துணை. 1980இல் 'மர்ம உலகம்' என்னும் பொருள்படும் பதின்மூன்று பகுதி ஆங்கிலத் தொடரைக் கிளார்க் தாமே முன்னின்று வழங்கினார். அது புனைகதையன்று, ஆயினும் கதைசொல்லியின் இருக்கையில் அமர்ந்தவர் கதையாசிரியரே.

1985 டிசம்பரில், புதுப்பிக்கப்பட்ட 'ருவைலைற் சோன்' அவரது 'விண்மீன்' கதையை ஒளிபரப்பியது. பாதிரியாராகவும் வானியலறிஞராகவும் இருக்கும் ஒருவர், வெடித்த விண்மீனொன்றினால் அழிந்த நாகரிகத்தின் எச்சங்களைக் காண்கிறார். அந்த வெடிப்பின் ஒளியே பெத்லகேமின்மேல் தோன்றிய விண்மீன் என்று கணக்கு அவருக்குக் காட்டுகிறது. கிளார்க் கேள்வியோடு நிறுத்திவிட்டார். தொலைக்காட்சிக்காரருக்கோ அது பொறுக்கவில்லை; தங்களுக்காக அழவேண்டாமென்று அழிந்துபோன மக்களே எழுதிவைத்ததாக ஓர் ஆறுதலைச் சேர்த்தனர். நத்தார் வாரத்தில் வீடுகளுக்குட் போகும் நிகழ்ச்சி என்பதால் இரக்கங் கொண்டனர் போலும். எனினும், வேதாளமே விடையையும் சொல்லிவிட்டால் விக்கிரமாதித்தனுக்கு என்ன வேலை?

அதே 1985இல், விக்கிரமாதித்தன் வேதாளம் கதைகளையே இந்தியத் தூரதர்ஷன் இந்தித் தொடராக்கியது. தமிழில் இத்துறையில் நிலைத்த பெயர், 1990களின் பிற்பகுதியில் சன் தொலைக்காட்சியில் வந்த 'மர்மதேசம்'. இந்திரா சௌந்தர்ராஜனின் கதைகளை நாகா இயக்கினார். ஒரு பெயரின்கீழ் வெவ்வேறு நெடுங்கதைகள் வந்தன. அவற்றுள் 'விடாது கருப்பு', காவற் தெய்வத்தின்மேல் ஊரார் வைத்த அச்சத்தையும் மனநோயின் கூற்றையும் ஒன்றுக்கொன்று எதிரே நிறுத்தியது. மேல்நாட்டுத் தொடர்கள் வான்கோளங்களுக்குப் போய்த் தேடியதை அது ஊர்க் கோடியிலுள்ள கோயிலில் தேடியது.

பழைய தொடர்கள் பல இன்று நினைவில் மட்டுமே வாழ்கின்றன. ஒளிநாடா விலை மிகுந்த பொருளாயிருந்ததால் பழையதை அழித்து அதன்மேல் புதியதைப் பதிந்தனர். பி.பி.சி.யின் 'அவுற் ஒவ் த அன்னோன்' தொடரில் 49 கதைகள் ஒளிபரப்பாயின. முழுமையாக எஞ்சியவை 20 மட்டுமே. 'ரேல்ஸ் ஒவ் ருமொறோ' நேரடியாக நடித்து ஒளிபரப்பப்பட்டது. திரையிலிருந்து படச்சுருளிற் பிடித்த படிகளிலும் பல மறைந்தன. அழியப்போகும் உலகின் கலைச் செல்வங்களைத் திருடிக் காப்பாற்றும் அந்தக் கதையின் படி எப்படியோ தப்பிப் பிழைத்திருக்கிறது.