தோரஸ் செய்த அட்டைக் கிதார்

1862ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டுத் தச்சர் ஒருவர் விந்தையானதொரு கிதாரைச் செய்தார். அதன் மேற்பலகை நல்ல மரம். பின்புறமும் பக்கங்களுமோ வெறும் காகித அட்டை! அந்தோனியோ தெ தோரஸ் என்னும் அத்தச்சர் விளையாட்டுக்காக இதனைச் செய்தாரல்லர். கிதாரின் குரல் பிறக்குமிடம் எது என்னும் வினாவுக்கு விடை காட்டவே முனைந்தார். மேற்பலகையே பாடுகிறது என்பது அவர் துணிபு. அட்டைக் கிதாரின் ஒலியைக் கேட்டோர் அதன் இனிமையைப் புகழ்ந்தனர் என்பர். பார்சலோனா இசை அருங்காட்சியகத்தில் அது இன்றும் உள்ளது.

அல்மெரியா நகரையடுத்த சிற்றூரில் 1817இல் பிறந்த தோரஸ், இளமையிலேயே தச்சுத்தொழில் பயின்று, பின்னர் செவில் நகரில் பட்டறை அமைத்தார். அக்காலக் கிதார் உருவிற் சிறியது, ஓசையில் மெலிந்தது. வீட்டுக் கூடத்திற்குப் போதுமாயிருந்த அவ்வோசை அரங்கிற்குப் போதவில்லை. தோரஸ் அதன் உடலைப் பெரிதாக்கினார். மேற்பலகையை மெலிதாக்கிச் சற்றே குவிந்து நிற்கச் செய்தார். மெலிந்த பலகை நரம்புகளின் இழுவிசையைத் தாங்குமா? தாங்குவதற்கென்றே உட்புறத்தில் ஏழு மெல்லிய மரச்சட்டங்களை விசிறிபோல் விரித்து ஒட்டினார். விசிறிச் சட்டம் அவர்தம் கண்டுபிடிப்பன்று. காடிஸ் நகரத்துக் கைவினைஞர் 18ஆம் நூற்றாண்டிலேயே அதனை அறிந்திருந்தனர். தனித்தனியே கிடந்தவற்றை ஒன்றோடொன்று இயையப் பொருத்தியதே தோரஸின் ஆற்றல். அது சிறிய செயலன்று. நரம்பின் அதிரும் நீளமாக அவர் கையாண்ட 65 செ.மீ. அளவே இன்றும் பெருவழக்கு.

1858இல் செவில் கண்காட்சியில் அவருக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது. புகழ் வந்தது, பொருள் வரவில்லை. 1870ஆம் ஆண்டளவில் பட்டறையை மூடி, அல்மெரியாவுக்குத் திரும்பிப் பீங்கான் கடை வைத்தார். 1864இல் அவர் செய்த கிதாரொன்றை இசைத்தே பிரான்சிஸ்கோ தாரேகா புகழ்பெற்றார் என்பதை எண்ணுகையில், அந்தப் பீங்கான் கடை நெஞ்சை உறுத்தவே செய்கிறது.

சில ஆண்டுகளில் மீண்டும் உளியை எடுத்த தோரஸ், அதன்பின் செய்த கிதார்களில் ‘இரண்டாம் காலம்’ என்று குறித்தார். முதுமையில் கை நடுங்கியபோது, அவ்வூர்ப் பாதிரியார் ஒருவர் உடனிருந்து உதவினார். தொழில் மறைபொருள் யாதென வினவியபோது, அது தம் பெருவிரல், சுட்டுவிரல் நுனிகளில் உள்ளதென்றும், பலகையைத் தொட்டு அறிவதைப் பிறர்க்குக் கைமாற்றவியலாதென்றும் தோரஸ் கூறியதாக அவர் பின்னாளில் எழுதிவைத்தார். 1892இல் தோரஸ் மறைந்தார். பின்வந்த கைவினைஞர்கள் அவருடைய கிதார்களை அளந்தளந்தே பாடம் கற்றனர்.