பல்லைப் பிடித்துப் பார்த்த வரலாறு

சந்தையில் மாட்டுக்குத்தான் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். ஆஸ்திரேலியாவில் மனிதர்களுக்கே பார்த்தார்கள். அந்த நாட்டுப் பூர்வகுடிகளின் வரலாற்றை அவர்களுடைய வாயிலேயே படிக்கலாம் என்கிறேன் நான்.

வெள்ளைக்காரன் வருவதற்கு முன் அவர்களுக்குச் சொத்தைப் பல் அபூர்வம். வேட்டைக்கறி, கிழங்கு, கல்லில் அரைத்த புல்விதை இதுதான் சாப்பாடு. மண்ணும் மணலும் கலந்த சாப்பாட்டில் பல் தேயும், அவ்வளவுதான். பிறகு நிலம் போச்சு. வேட்டைக்காடு மாட்டுப்பண்ணையாச்சு. அங்கே உழைத்தவர்களுக்குக் கூலிக்குப் பதிலாக வெள்ளை மாவு, சர்க்கரை, தேயிலை. கூலியை நெல்லாய் அளந்து வாங்கின சனங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சொத்தை வந்தது இந்த வழியாகத்தான். 'அவங்களுக்குச் சுத்தம் தெரியாது' என்கிறவன் இந்தக் கணக்கைச் சொல்லவே மாட்டான்.

அடுத்து வந்தது அளவுகோல். அடிலெய்டு பல் மருத்துவர் டி.டி. கேம்பல் பூர்வகுடிகளின் பல்லையும் அண்ணத்தையும் அளந்து 1925இல் நூல் வெளியிட்டார். ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடமேற்கே யூண்டுமு குடியிருப்பில், 1951 முதல் சுமார் 20 ஆண்டுகள், வால்பிரி மக்கள் 400க்கும் மேற்பட்டோரின் வாயில் அச்செடுத்தார்கள். அச்சுகள் அடிலெய்டுக்குப் போயின. 1954இல் பி.ஆர். பெக் பூர்வகுடிகளின் தேய்ந்த பற்களைக் காட்டி, 'கற்கால மனிதன்' என்று பெயர் வைத்துக் கட்டுரை எழுதினார். கோணல் பல்லைக் கம்பி கட்டி நிமிர்த்தும் அவருடைய முறை உலகமெங்கும் பரவியது. பல் யாருடையது, பலன் யாருக்கு?

வாய்க்குள் பார்த்தவர்கள் உண்டு. வாய் திறந்து பேச விட்டவர்கள் எத்தனை பேர்? 1997இல் கேரி ஸ்லேட் 14 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை வெளியிட்டார். பல் வலித்ததா, சாப்பாட்டைப் பாதியில் நிறுத்தினாயா, நாலு பேர் முன்னால் கூச்சப்பட்டாயா, வழக்கமான வேலையைச் செய்யச் சிரமப்பட்டாயா என்று கேட்கிறது அது. பின்னால் தெற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் அகஸ்டாவில் பூர்வகுடிப் பெரியவர்களிடமும் இதைக் கேட்டார்கள். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வதும் ஒரு நோய்க்குறிதான் என்று அறிவியல் ஒத்துக்கொள்ள இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

ஆனால் தோழர்களே, கேள்வித்தாள் வலியைத் தீர்க்காது. சிட்னி ரெட்ஃபெர்னில் 1971லேயே பூர்வகுடிகள் தங்கள் மருத்துவ நிலையத்தைத் தாங்களே தொடங்கினார்கள். பல் மருத்துவத்தையும் பிறகு அதில் சேர்த்தார்கள். எவனாவது வந்து வாயைத் திறக்கச் சொல்லுவான் என்று அவங்க காத்துக்கிட்டு இருக்கல.