எடிட்டர் வேறு, தமிழ் வேறு: ஒரு சின்ன முடிவும் கொஞ்சம் வரலாறும்

போன மாதம் ஒரு சின்ன முடிவு எடுக்க வேண்டியிருந்தது. பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளை யூனிகோடுக்கு மாற்ற ஒரு நிரல் எழுதி வைத்திருக்கிறேன். அதிலேயே ஈமேக்ஸ் எடிட்டருக்கான பிளக்-இன்னும் இருக்கிறது. "நான் ஈமேக்ஸ் பக்கமே போறதில்ல, அதைத் தனி பேக்கேஜா பிரிச்சுடுங்களேன்" என்றார் ஒரு நண்பர். பிரிக்கலாமா, வேண்டாமா?

இந்த நிரல் ஏன் வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2001-ல் பி.இ. படிக்கும்போது, மாதனூரில் தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய டேனரி வேலையைப் பற்றிக் கேட்டு எழுதினேன். தொட்டிகளில் ஆவாரம்பட்டைச் சாற்றில் தோலை ஊறப்போட்ட காலத்துக் கதைகள். அன்று கையில் கிடைத்த ஒரு தமிழ் எடிட்டரில் அடித்துச் சேமித்தேன். இப்போது தாத்தா இல்லை. கோப்பு மட்டும் இருக்கிறது. திறந்தால் வெறும் கிறுக்கல்.

காரணம் எளிது. 1980-களில் கனடாவிலிருந்து சீனிவாசன் உருவாக்கிய ஆதமி போன்ற முன்னோடி மென்பொருள்களில் எழுதும் இடம், விசைப்பலகை, எழுத்துரு எல்லாம் ஒரே கட்டாக இருந்தன. அன்றைக்கு வேறு வழியும் இல்லை. பிறகு விண்டோஸ் எழுத்துருக்கள் பெருகின. ஒவ்வொன்றும் 'க'வை ஒவ்வொரு எண்ணில் வைத்தது. எந்த எடிட்டரில் அடித்தோமோ, அந்த எழுத்துரு இருந்தால்தான் படிக்க முடியும்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையையும், டாம், டாப் குறியீடுகளையும் ஏற்றது. இணையத் தமிழர்கள் கூடிப் பேசி டிஸ்கியை உருவாக்கியிருந்தார்கள். விண்டோஸ் 2000 யூனிகோடு தமிழோடு வந்தது. 2000-களின் தொடக்கத்தில் தமிழா குழுவின் முகுந்த், கீமேன் மென்பொருளை அடிப்படையாக வைத்து எ-கலப்பையை வெளியிட்டார். அது எடிட்டரே இல்லை, தட்டச்சு வேலையை மட்டும் செய்தது. நோட்பேடிலும் மின்னஞ்சலிலும் தமிழ் வந்தது. நம்மில் பலர் வலைப்பதிவு எழுத வந்தது அப்படித்தான்.

அப்போ பிரிப்பதுதான் சரி என்று தோன்றும். ஆனால் ஈமேக்ஸின் கதை எதிர்ப்பக்கம் போகிறது. 1997-ல் ஈமேக்ஸ் 20 வந்தபோது பல மொழிகளுக்கான உள்ளீட்டு முறைகள் 'லீம்' என்ற தனித் தொகுப்பாகக் கொடுக்கப்பட்டன. வேண்டியவர்கள் அதையும் தனியாக இறக்க வேண்டும். 2007-ல் ஈமேக்ஸ் 22 வந்தபோது அதை மறுபடி உள்ளேயே சேர்த்துவிட்டார்கள். பத்து வருஷம் பிரித்து வைத்துப் பார்த்துவிட்டு ஒட்டியிருக்கிறார்கள்!

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முரண் இல்லை. எ-கலப்பை பிழைத்ததற்குக் காரணம் அது தனியாக இருந்தது மட்டுமல்ல. டிஸ்கி, யூனிகோடு என்று இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்ட குறியீடு நடுவில் இருந்தது. நம்ம ஆம்பூர்ப் பக்கம் ஷூவின் மேல்பாகத்தை ஒரு யூனிட்டில் தைப்பார்கள், சோல் வேறு இடத்திலிருந்து வரும். இரண்டும் ஒரே லாஸ்ட் அளவுக்குச் செய்ததால்தான் பொருந்துகிறது. லாஸ்ட் மாறிவிட்டால் இரண்டுமே வீண்.

என் நிரலுக்கு அந்த லாஸ்ட் இன்னும் நிலைக்கவில்லை. மாற்றியின் வெளியீட்டு வடிவத்தை இந்த வருஷம் மட்டும் மூன்று முறை மாற்றிவிட்டேன். இப்போதே பிரித்தால் எந்தப் பதிப்புக்கு எந்தப் பிளக்-இன் என்று பயன்படுத்துபவர்தான் அல்லாட வேண்டும்.

அதனால் இப்போதைக்குப் பேக்கேஜ் ஒன்றுதான். ஆனால் மாற்றி, எடிட்டர் இல்லாமலும் கட்டளை வரியில் ஓடும். வெளியே வருவது வெறும் யூனிகோடு உரை. வடிவம் நிலைத்த பிறகு பிரித்துக்கொள்ளலாம். நண்பரிடம் சொன்னேன், அரை மனசாக ஒப்புக்கொண்டார்.

தாத்தாவின் கோப்பில் முக்கால்வாசி மீண்டுவிட்டது. நோட்பேடில் திறந்து படித்தேன்.