மூன்று நிமிடத்துக்குள் ஓடிய நால்வர்

தடகளத்தில் நாட்டின் பெயரால் அணி போனாலும், பெரும்பாலும் அவரவர் ஓட்டம் அவரவருக்குத்தான். தொடர் ஓட்டம் மட்டும் விதிவிலக்கு. ஐம்பது கிராமுக்குச் சற்று மேல் எடையுள்ள பேட்டன் எனும் கோல் கைமாறும்போது ஒருவர் சறுக்கினாலும் நால்வரும் வெளியே. ஒரு நாட்டின் ஓட்ட பலத்தை அறிய 4x400 மீட்டரைத்தான் பார்க்க வேண்டும்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்த ஓட்டத்தில் இந்தியாவின் மில்கா சிங், மக்கன் சிங், தல்ஜித் சிங், ஜகதீஷ் சிங் ஆகியோர் தங்கம் வென்றனர். அதன் பிறகு ஆண்கள் அணிக்கு நெடிய வறட்சி. பெண்கள் அணியோ 2002 முதல் 2018 வரை ஐந்து ஆசிய விளையாட்டுகளிலும் தங்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் அணியில் தமிழகத்தின் தருண் அய்யாசாமியும் ஆரோக்ய ராஜீவும் இருந்தார்கள். அணி தகுதிநீக்கம் செய்யப்பட்டது. 2021 டோக்கியோவில் 3:00.25 என்ற ஆசிய சாதனை படைத்தும் இறுதிச் சுற்றுக்குள் நுழைய முடியவில்லை.

2023 ஆகஸ்ட் 26, புடாபெஸ்ட் உலகத் தடகளம், தகுதிச் சுற்று. முகமது அனஸ், அமோஜ் ஜேக்கப், முகமது அஜ்மல், கடைசிச் சுற்றுக்கு ராஜேஷ் ரமேஷ். ராஜேஷ் திருச்சியில் ரயில்வே டிக்கெட் பரிசோதகராகப் பணியாற்றியவர். அமெரிக்கா 2:58.47. அதை விரட்டிக்கொண்டு வந்த இந்தியா 2:59.05! ஜப்பானின் 2:59.51 என்ற ஆசிய சாதனை தகர்ந்தது. மறுநாள் இறுதிப் போட்டியில் 2:59.92 நேரத்தில் ஐந்தாம் இடம். அன்றுதான் நீரஜ் சோப்ரா ஈட்டி எறிதலில் தங்கம் வென்றார். அந்த வெளிச்சத்தில் இந்த ஐந்தாம் இடம் உரிய கவனம் பெறாமல் போனது பெருங்குறை. அடுத்தடுத்த நாட்களில் இருமுறை மூன்று நிமிடத்துக்குள் ஓடுவது சாதாரணக் காரியமா?

சில வாரங்களில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம், 61 ஆண்டுகளுக்குப் பிறகு.

2024 மே மாதம் பஹாமாஸில் நடந்த உலகத் தொடர் ஓட்டப் போட்டியில், தசைப்பிடிப்பால் ராஜேஷ் பாதியிலேயே விலக நேர்ந்தது. மறுநாள் அவர் இடத்தில் இறங்கியவர், ரியோவில் ஓடிய அதே ஆரோக்ய ராஜீவ். அணி 3:03.23 நேரத்தில் ஓடி பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. பாரிஸில் 3:00.58, இறுதிச் சுற்று கிட்டவில்லை.

நால்வர் போதாது. அதே வேகத்தில் ஓடக்கூடிய ஐந்தாமவரும் ஆறாமவரும் கிடைக்கும்வரை இந்த அணிக்கு உலகப் பதக்கம் எட்டாது. அவர்களை மாவட்ட மைதானங்களில் இப்போதே தேட வேண்டும்.