வேலிக்குள் ஒரு வேட்டை

வெருகல் சித்திரவேலாயுதர் கோயிலைச் சூழ்ந்த நிலம் கடலோர வேடர்களின் நிலம். முருகன் மணந்த வள்ளியை ஈன்றது மான், வளர்த்தவர் வேடர் என்பது நம் ஐதிகம். வேட்டையாடியவனே மானோடு உறவு கொண்டாடிய மரபு இது. வில்லோடு போனவன் வெறுங்கையோடு திரும்பிய நாட்களும் உண்டு. மானுக்குத் தப்பியோடக் காடு இருந்தது.

ஆங்கிலேயர் ஆட்சியில் வேட்டை பொழுதுபோக்காயிற்று. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர், நாய்களை ஏவி மரைகளைத் துரத்திக் கத்தியால் கொன்றார். கொடுமைதான், ஆயினும் அங்கு வேலி இருக்கவில்லை.

வேலியைக் காண அமெரிக்காவுக்குச் செல்லவேண்டும். நம் காடுகளின் புள்ளிமான் இனம் 1932இல் டெக்சாஸ் மாநிலத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. இன்று அங்குள்ள பண்ணைகள் பலவற்றில், உயர்ந்த வேலிக்குள் நிற்கும் அந்த மானைக் கட்டணம் செலுத்துவோர் சுடுகின்றனர். தியடோர் ரூஸ்வெல்ட் 1887இல் நிறுவிய பூன் அன்ட் குரொக்கெட் கழகம் வேட்டைக்காரர்களின் கழகம். தப்ப இயலாத வேலிக்குள் கொன்ற விலங்கை அதுவே தன் பதிவேட்டில் ஏற்பதில்லை.

மான் வளர்ப்பை நான் பழிக்கவில்லை. நியூசிலாந்தில் 1969இல் மான் பண்ணை சட்டபூர்வமானது. ஆட்டைப்போல் இறைச்சிக்கென வளர்த்து அறுக்கிறார்கள். அதை எவரும் வீரமென்பதில்லை. அடைத்துவைத்துச் சுட்டுவிட்டு வேட்டை என்று பெயரிடுவதே பொய்.

திருகோணமலைப் பிரட்றிக் கோட்டையிலும் புள்ளிமான்கள் உலவுகின்றன. 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி இன்று அவற்றைக் கொல்வது குற்றம். பீரங்கிகளுக்காக எழுப்பிய மதிலின் நிழலில் அவை அச்சமின்றி மேய்கின்றன.